செபத்திலிருந்து வெட்டப்பட்ட வரிகள்

நண்பர் ஒருவர் கத்தோலிக்கக் குருவானவர். அவருடைய அறையில் தங்கியிருந்த ஒரு மாலையில் திருப்புகழ்மாலைப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நான்காம் வாரம், செவ்வாய் மாலை. 137ஆம் சங்கீதம், பாபிலோன் ஆற்றங்கரையில் அகதிகள் உட்கார்ந்து அழுகிற பாட்டு. தலைப்பில் 1-6 என்று போட்டிருந்தது. அந்தப் பாட்டில் ஒன்பது வசனங்கள் உண்டு என்பது சங்கீதப் புத்தகத்தோடு வளர்ந்த எனக்குத் தெரியும். "மிச்சம் மூணு எங்க ஃபாதர்?" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அத ஜெபிக்கறது கஷ்டம்னு விட்டுட்டாங்க."

யார் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று பிறகு தேடிப் படித்தேன். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1970இல் ஆறாம் பவுல் வெளியிட்ட ஆணையின்படி இந்தச் செப ஏற்பாடு திருத்தப்பட்டது. அப்போது 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்கள் முழுதாக நீக்கப்பட்டன. வேறு பல பாட்டுகளில் சில வசனங்கள் மட்டும் போயின. விதிமுறைத் தொகுப்பு சொல்லும் காரணம் ஒருவித உளவியல் சங்கடம். புதிய ஏற்பாட்டிலேயே இத்தகைய சாபச் செபம் இருப்பதையும் அதே பத்தி ஒத்துக்கொள்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் கொலையுண்டவர்கள் பலிபீடத்தின் கீழிருந்து இன்னும் எத்தனை காலம் என்று கேட்கிறார்களே, அதைத்தான் உதாரணம் காட்டுகிறது. ஒத்துக்கொண்டே வெட்டுகிறது!

யாருடைய சங்கடம் இது?

137ஐ எடுத்துக்கொள்வோம். கி.மு. 586 வாக்கில் எருசலேம் விழுந்தது, கோயில் எரிந்தது, ஒரு பகுதி மக்கள் பாபிலோனுக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். பிடித்துக்கொண்டு போனவர்கள் கேட்பது என்ன? உங்க ஊர்ப் பாட்டு ஒண்ணு பாடுங்க என்கிறார்கள். தோற்றவனின் பாட்டு ஜெயித்தவனுக்குப் பொழுதுபோக்கு. அதற்கு மறுத்துத்தான் யாழை மரத்தில் மாட்டிவைக்கிறார்கள். பாட மாட்டோம் என்பதையே பாட்டாக்குவது எழுதுகிறவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் பிரதி அங்கே நிற்கவில்லை. ஏழாம் வசனத்தில் ஏதோமின் துரோகம், எட்டில் பாபிலோன், ஒன்பதில் பாபிலோனின் சிசுக்களைப் பாறையில் மோதுகிறவன் பாக்கியவான் என்கிற பயங்கரம். சிசுக்களைக் கொல்வது அக்காலப் படையெடுப்புகளில் நடந்ததுதான் என்பதை இரண்டாம் இராஜாக்களின் புத்தகமும் நாகூமும் காட்டுகின்றன. சொல்கிறவன் கற்பனை செய்யவில்லை. தனக்கு நடந்ததைத் திருப்பிச் சொல்கிறான். ஆறோடு நிறுத்திவிட்டால் நமக்குக் கிடைப்பது அழகான ஏக்கம் மட்டும். கண்ணீர் அனுமதிக்கப்படுகிறது, கோபம் வடிகட்டப்படுகிறது. அன்று பாபிலோன்காரன் கேட்டதும் ஏறக்குறைய இதே மாதிரியான பாட்டைத்தான்.

109 இன்னும் சிக்கலானது. பொய்க் குற்றம் சாட்டப்பட்டவனின் வழக்கு. நடுவில் நீளமான சாபம்: அவன் பிள்ளைகள் பிச்சையெடுக்கட்டும், கடன் கொடுத்தவன் அவன் சொத்தையெல்லாம் பறிக்கட்டும். இது யாருடைய குரல்? எபிரெய மூலத்தில் மேற்கோள் குறி கிடையாது. ஐந்தாம் வசனம் வரை எதிரிகள் பன்மையில் வருகிறார்கள். ஆறிலிருந்து திடீரென்று ஒருமை. அதனால் 6 முதல் 19 வரை எதிரிகள் இவன்மேல் போட்ட சாபம், இவன் அதை மேற்கோள் காட்டுகிறான் என்று சிலர் வாசிக்கிறார்கள். 1989இல் வந்த ஆங்கிலத் திருத்த மொழிபெயர்ப்பு ஒன்று, அவர்கள் சொல்கிறார்கள் என்று ஒரு சொற்றொடரையே சேர்த்துவிட்டது. கெட்டிக்காரத்தனமான வாசிப்பு, இலக்கணச் சான்றும் இருக்கிறது. ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம். பக்தனின் வாயைச் சுத்தமாக வைத்திருக்கும் ஆசை இதில் இல்லையா?

புத்தகத்தின் பெயரே இந்தச் சிக்கலுக்கு உடந்தை. எபிரெயத்தில் அதற்குப் பெயர் துதிகள். உள்ளே போனால் அதிகம் இருப்பது முறையீடு. ஹெர்மன் குங்கெல் சங்கீதங்களை வகை பிரித்தபோது தனிமனிதப் புலம்பலே பெரிய வகையாக வந்தது. 88ஆம் சங்கீதம் கடைசிவரை நம்பிக்கைப் பக்கம் திரும்பாமல் இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. தமிழில் 'சங்கீதம்' என்றதும் காதில் தம்புரா கேட்கிறது. 1995இன் பொதுமொழிபெயர்ப்பு 'திருப்பாடல்' என்றது. இரண்டிலும் முறையீட்டின் வாடை இல்லை.

இங்கே டீட்ரிக் போன்ஹாஃபரைப் பார்க்க வேண்டும். நாஜி அரசு 1937 ஜூலையில் போதகர்களைக் கைது செய்துகொண்டிருந்தபோது, பின்னாளில் நீக்கப்பட்ட அதே 58ஐ எடுத்துப் பிரசங்கித்தார். 1938 நவம்பரில் யூத ஆலயங்கள் எரிக்கப்பட்ட பிறகு தன் பைபிளில் 74ஆம் சங்கீதத்தின் பக்கத்தில், தேவாலயங்களைச் சுட்டெரித்ததைச் சொல்லும் வசனத்தருகே, 9.11.38 என்று தேதி குறித்தார். என்னைப் பொறுத்தவரை நூறு வியாக்கியானங்களைவிடக் கனமான வாசிப்பு அந்தத் தேதி. ஆனால் சாபத்தைப் பற்றிய அவருடைய விடை வேறு: குற்றமற்றவன் மட்டுமே இதைச் செபிக்க முடியும், நாம் குற்றமற்றவர்கள் அல்ல, ஆகவே நமக்குள் கிறிஸ்துவே இதைச் செபிக்கிறார், தண்டனையும் அவர்மேலேயே விழுந்தது. 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட மனிதரின் விடையை அலட்சியமாகத் தள்ள முடியாது. இருந்தும் நெருடுகிறது. அடிபட்டவள் தன் சாபத்தைச் சொல்லும் முன்பு தான் குற்றமற்றவள் என்று நிரூபிக்க வேண்டுமா? எங்கள் ஊரில் நிலம் பறிபோன ஒரு கிழவி பகல் பூராவும் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டு நின்றாள். மனு போட்ட இடமெல்லாம் கதவு சாத்தியபிறகு அவளிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு பிடி மண்தான். அவள் யாரையும் அடிக்கவில்லை. கணக்கை மேலே ஒப்படைத்தாள். சாபச் சங்கீதம் செய்வதும் இதைத்தான். பழிவாங்கும் வேலையைக் கையிலிருந்து இறக்கி வேறொருவரிடம் விடுகிறது.

ஆனால் வரிகள் கைமாறும். 1650இல் டன்பார் போரில் கிராம்வெல் 68ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தை முழங்கினார். 2009இல் ஒபாமாவுக்காகச் செபியுங்கள் என்று அமெரிக்கக் கார்களில் ஒட்டப்பட்ட வாசகத்தின் அடியில் இருந்தது 109:8. அவன் நாட்கள் குறையட்டும் என்னும் வசனம். பத்து இனங்களைப் பேர் சொல்லி எதிரி என்கிற 83, ராணுவம் வைத்திருப்பவன் வாயில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வெட்டியவர்கள் இதற்குப் பயந்திருந்தால் அதை நான் மதிப்பேன். ஆனால் விதிமுறையில் எழுதியிருப்பது இந்தப் பயம் அல்லவே.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரி. அந்தப் பாறையில மோதச் சொல்ற பாபிலோன் குழந்தை என்ன பண்ணிச்சு? அதோட அம்மா எந்தச் சங்கீதத்தப் பாடுவா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. வசனத்தை நீக்கினால் அந்தக் கேள்வியைக் கேட்கவும் இடமில்லாமல் போகுமே என்று மட்டும் சொன்னேன். மணி அடித்தது. அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். அன்று புதன்கிழமை, 139ஆம் சங்கீதம். அதிலும் 19 முதல் 22 வரை இல்லை.