கல்லடைப்பு வலியும் மருந்தும்

கல்முனைக் கரையோர வயல்களில் வெயிலில் உழைப்போரின் உடல்நீர் வியர்வையாய்க் கழிகிறது. குறைந்த சிறுநீரில் உப்புகள் செறிந்து கல்லாவதுண்டு. அக்கல் சிறுநீர்க்குழாயை அடைத்தால், தேங்கிய நீரின் அழுத்தத்தால் விலாவில் தாங்கொணா வலி எழும்.

குழாயின் இறுக்கமே வலிக்கு முதற்காரணம் என முன்னைய வைத்தியர்கள் கருதினர். ஆகவே, நரம்பின் ஏவலைத் தடுத்துத் தசையைத் தளர்த்தும் அற்றோபீனை அளித்தனர். ஊமத்தையிலும் உள்ள பொருள் அது. அதனையொத்த மருந்தை ஜெர்மனியில் தேடிய ஐஸ்லெப், ஷௌமான் இருவரும் 1939இல் பெத்தடினை அறிவித்தனர். அதுவோ ஆற்றல்மிக்க வலிநீக்கியாய் அமைந்தது!

இறுக்கத்தைத் தளர்த்துதல் மட்டும் போதாது என்பது பின்னர் தெளிவாயிற்று. சிறுநீரகத்தின் உள்ளழுத்தத்தையும் குறைக்கும் டைக்ளோபெனாக் போன்றவை இன்று முதலிடம் பெறுகின்றன.

எனினும், வலி தணிந்தமை கல் அகன்றமைக்குச் சான்றன்று. வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் கண்டால் உடனே வைத்தியசாலையை நாடுதல் வேண்டும்.