இதயம் பலவீனம் என்றால் போதுமா? காரணத்தைக் காட்டும் அணு மருத்துவ ஸ்கேன்

"இதயம் பலவீனமாக இருக்கிறது" என்று மருத்துவர் சொன்னால், அதையே நோயின் பெயராக நாம் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு விளைவுதான். மூச்சு வாங்குவதும் கால் வீங்குவதும் அதன் அடையாளங்கள். இதயம் ஏன் பலவீனமானது என்று தெரிந்தால்தான் சிகிச்சை சரியாக அமையும்.

இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதை எக்கோ காட்டும். காரணத்தை அது எப்போதும் காட்டிவிடாது. அங்கேதான் அணு மருத்துவ ஸ்கேன் உதவுகிறது. 'தாலியம் ஸ்கேன்' என்று நாம் கேள்விப்படுவது இதில் ஒரு வகை. இப்போது பெரும்பாலும் டெக்னீசியம் பயன்படுகிறது.

கதிர்வீசும் மருந்தைச் சிறிதளவு ஊசி மூலம் செலுத்தி, காமா கேமராவால் படமெடுப்பார்கள். ஓய்வில் ஒன்று, நடக்கவைத்தோ மருந்து கொடுத்தோ மற்றொன்று. ஓய்வில் தெளிவாக இருந்த பகுதி உழைப்பில் மங்கினால், அங்கே ரத்தம் போதவில்லை. இரண்டிலும் மங்கினால் தசை தழும்பாகியிருக்கலாம். அல்லது உயிரோடு முடங்கிக் கிடக்கலாம். சர்க்கரை போன்ற மருந்தைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் இதைப் பிரித்துக் காட்டும். பைபாஸ் பற்றி மருத்துவர் யோசிக்கும்போது இந்தத் தகவலும் உதவும். ஆனால் ஸ்கேன் மட்டுமே முடிவு செய்துவிடாது.

பெரியவர்களுக்கு மூச்சு வாங்கினால் "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறோம். சிலருக்கு அமிலாய்டு என்ற புரதம் இதயத்தில் படிந்து தசையை விறைக்கச் செய்திருக்கும். இரு கை விரல்களும் மரத்துப்போவது பல ஆண்டுகளுக்கு முன்பே வரும் அறிகுறியாக இருக்கலாம். பைரோபாஸ்பேட் ஸ்கேனோடு ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளும் செய்தால், பலருக்கு இதயத் தசையை வெட்டியெடுத்துச் சோதிக்காமலே நோயை உறுதிசெய்யலாம். இதற்கு மருந்து உண்டு. சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம்.

கதிரியக்கம் என்றதும் அஞ்சி நாள் கடத்த வேண்டாம். டெக்னீசியத்தின் கதிர்வீச்சு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமா இருந்தாலும், சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்தாலும் தெரிவிக்க வேண்டும். டீ, காபியை எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவை சோதனை முடிவைக் கெடுக்கலாம்.

எல்லோருக்கும் இந்த ஸ்கேன் தேவைப்படாது. ஆனால் "இதயம் எதனால் பலவீனமானது?" என்ற கேள்வியை மருத்துவரிடம் கேட்காமல் நாம் திரும்பக் கூடாது.