பூட்டுப் பட்டறைக்குள் கிடங்கு ரேக்

திண்டுக்கல் நகரிலும் அதை ஒட்டிய நாகல்நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி போன்ற பகுதிகளிலும் பூட்டுத் தொழில் பெரிய ஆலைகளை நம்பி வளர்ந்ததன்று. வீட்டின் முன்னறையோ பின்கட்டோ பட்டறையாகி, அங்கேயே தகடு வெட்டி, துளையிட்டு, லீவர்களை அரத்தால் ராவி, ரிவெட் அடித்து முடிக்கும் கைத்தொழிலாகவே அது தலைமுறைகளாக நடந்து வருகிறது. 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் நுட்பத்தைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, அந்தப் பூட்டுக்கான இரும்பு வீட்டுக்குள் எங்கே, எப்படி அடுக்கி வைக்கப்படுகிறது என்பது பற்றி எவரும் எழுதியதாகத் தெரியவில்லை. பூட்டு, பீரோ, இரும்புப் பெட்டி என எதைச் செய்யும் சிறு பட்டறையிலும் முதலில் தீர்ந்துபோவது தரைதான். தகடுகள் சுவரில் சாய்ந்து நிற்க, கம்பிகள் மூலையில் கிடக்க, அச்சுக் கட்டைகள் வழியை மறிக்க, ஆள் உட்கார்ந்து வேலை செய்ய மிஞ்சுவது ஒரு பாய் விரிக்கும் இடமே.

இந்தப் பொருள்களின் எடையைக் கணக்கிட்டுப் பார்த்தால் சிக்கலின் அளவு விளங்கும். 8 அடிக்கு 4 அடி அளவும் 1 மி.மீ. கனமும் கொண்ட ஓர் இரும்புத் தகடு ஏறத்தாழ 23 கிலோ இருக்கும். அதுபோல் ஐம்பது தகடுகளை அடுக்கினால் ஒரு டன்னுக்கு மேலாகிவிடும். கம்பிக்கு, விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும் என்று கட்டட மேஸ்திரிகள் வைத்திருக்கும் கணக்கே போதும். அதன்படி 20 மி.மீ. கம்பி 6 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 15 கிலோ வரும். வீட்டோடு வந்த கடப்பாக்கல் ஷெல்ஃபும் பரணும் அண்டா குண்டாவுக்காகக் கட்டப்பட்டவை. அவற்றின்மேல் இந்தப் பாரத்தை ஏற்றுவது வினையை விலைக்கு வாங்குவதாகும். ஆகவேதான் பெரிய கிடங்குகளில் நிற்கும் பாலட் ரேக்கை வீட்டுப் பட்டறைக்குக் கொண்டுவரலாமா என்ற கேள்வி பொருளுள்ளதாகிறது.

பாலட் என்பது சரக்கைக் கட்டி வைப்பதற்கான தாழ்ந்த மேடைப் பலகை. அதன் அடியில் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரண்டு இரும்புக் கரங்கள் நுழைந்து, சரக்கை மொத்தமாகத் தூக்கும். இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத் தளவாடங்களை வேகமாக ஏற்றி இறக்கப் பரவலாகப் பயன்பட்ட இம்முறை, போருக்குப் பின் வணிகக் கிடங்குகளுக்கும் பரவியது. அந்தப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமத்தாமல் தனித்தனி அடுக்குகளில் நிறுத்தவே பாலட் ரேக் உருவானது. இதற்கு நெருங்கிய உறவான துளை ஆங்கிள் ரேக், அதாவது நீளமெங்கும் துளையிட்ட எல் வடிவப் பட்டையை நட்டும் போல்ட்டும் கொண்டு வேண்டிய அளவில் பூட்டிக்கொள்ளும் அடுக்கு, கிரேக்க வழியில் ஆஸ்திரேலியாவில் பிறந்த டிமெட்ரியஸ் கொமினோ லண்டனில் 1947-இல் தொடங்கிய டெக்ஸியன் நிறுவனத்தின் வழியாக உலகெங்கும் பரவியது. இன்று நம் ஊர்களில் மருந்துக் கடை முதல் பதிவறை வரை நிற்பது அதன் வழித்தோன்றலே.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பூட்டும் முறையில் இருக்கிறது. பாலட் ரேக்கில் முன்னும் பின்னுமாக இரண்டு தூண்களைக் குறுக்குப் பட்டைகளால் இணைத்த நிலைச்சட்டங்கள் உண்டு. அச்சட்டங்களுக்கு இடையே படுக்கையாக ஓடும் பீம்களின் இரு முனைகளிலும் கொக்கிகள் கொண்ட தகடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்தக் கொக்கிகளைத் தூணின் துளைகளில் நுழைத்துக் கீழே தட்டினால் பீம் உட்கார்ந்துவிடும். மேலே பாரம் ஏற ஏறக் கொக்கியின் பிடி இறுகும். ஆனால் பாரம் கீழ்நோக்கி அழுத்தும்வரைதான் இந்தப் பிடி நம்பத்தக்கது; கீழிருந்து ஓர் இடி விழுந்தால் கொக்கி எழும்பித் துளையைவிட்டு வெளியே வந்துவிடக்கூடும். கிடங்கில் அந்த இடியை ஃபோர்க்லிஃப்ட்டின் கரம் தருகிறது என்றால், பட்டறையில் கீழடுக்கிலிருந்து நிமிர்த்தி எடுக்கும் கம்பியின் நுனியோ, செயின் பிளாக்கில் தூக்கும் அச்சோ அதைத் தரும். இதைத் தடுப்பதற்காகவே ஒவ்வொரு பீமின் முனையிலும் ஒரு சிறு பின்னோ கிளிப்போ செருகப்படுகிறது. பழைய ரேக் கைமாறும்போது முதலில் தொலைவதும் அதுதான். பூட்டு செய்யும் ஊரில் பூட்டாத பீமின் அடியில் ஆள் உட்கார்ந்திருப்பது கொஞ்சம் வேடிக்கையும் நிறைய ஆபத்தும் ஆகும்.

பீமின் தாங்குதிறன் பற்றிய தவறான எண்ணம் இன்னொன்று. ஓர் இணை பீம் 1,000 கிலோ தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால், அந்த எடை முழு நீளத்திலும் சீராகப் பரவியிருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அதே எடை நட்டநடுவில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் பீமை வளைக்கும் விசை இரட்டிப்பாகும். ஆகவே அங்கே 500 கிலோவுக்கு மேல் வைக்கக்கூடாது. அகலம் குறைந்து எடை மிகுந்த பட்டறைக்கல்லையும் பிரஸ் அச்சையும் நடுவில் வைக்காமல் தூணை ஒட்டி, அதுவும் கீழடுக்கில் வைப்பதே முறை. பாரம் ஏறிய பீம் தன் நீளத்தில் இருநூற்றில் ஒரு பங்குக்கு மேல் தொய்யக்கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு, 2,400 மி.மீ. பீமுக்கு அது 12 மி.மீ. ஆகும். இரு முனைகளுக்கும் ஒரு நூலைக் கட்டி, நடுவில் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் யாரும் இதைச் சோதித்துவிடலாம்.

தூண்களைப் பற்றிய எச்சரிக்கை இதைவிடக் கடுமையானது. ரேக்கின் தூண் கனத்த ஆங்கிள் அன்று. மெல்லிய தகட்டைக் குளிர்நிலையில் உருளைகளுக்கிடையே மடித்து உருவாக்கியது. அதன் பலம் இரும்பின் கனத்தைவிட, அடுத்தடுத்த பீம்கள் அதை எத்தனை உயரத்துக்கு ஒருமுறை பிடித்து நிறுத்துகின்றன என்பதையே சார்ந்திருக்கிறது. ஒல்லியான தூணில் இடையில் பிடிப்பில்லாத உயரம் இருமடங்கானால், அது வளைந்து சரியாமல் தாங்கும் எடை நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது பொறியியலின் பழைய பாடம். துளையிடும் இயந்திரத்தையோ வேலை மேசையையோ உள்ளே தள்ளுவதற்காகக் கீழ்ப் பீமைக் கழற்றிவிட்டு, மேலடுக்குகளின் பாரத்தை அப்படியே விட்டுவைப்பது இதனால்தான் ஆகாத காரியம். ரேக்கையே வேலை மேசையாக்கி அதில் வைஸைப் பூட்டுவதும் அப்படித்தான். அரம் இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் ரேக்கை முன்னும் பின்னும் ஆட்டி, இறுகியிருந்த பூட்டுகளைத் தளர்த்தும்.

இனி தரை. இரண்டு அடுக்குகளில் அடுக்குக்கு ஒரு டன் வீதம் ஏற்றிய ரேக்கின் ஒரு கண்ணியில், அதாவது இரு நிலைச்சட்டங்களுக்கு இடைப்பட்ட பகுதியில், நான்கு தூண்களும் தலைக்கு 500 கிலோ சுமக்கும். பக்கத்திலேயே இன்னொரு கண்ணியைச் சேர்த்தால், இரண்டுக்கும் பொதுவான நடுத்தூண் ஒவ்வொன்றும் 1,000 கிலோ சுமக்கும். 10 செ.மீ. சதுர அடித்தகட்டின் வழியே அந்தப் பாரம் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ வீதம் தரையில் இறங்கும். மண்ணை நிரப்பி, மேலே மெல்லிய ஜல்லித் தளம் போட்டு, சிமெண்ட் பூச்சோ டைல்ஸோ போட்ட சாதாரண வீட்டுத் தரை இதற்காக அமைந்ததன்று. அது முதலில் கீறல் விட்டு, பிறகு ஒரு பக்கமாக அமுங்கி, ரேக்கைச் சாய்க்கும். தூண் நிற்கும் இடங்களில் மட்டும் தரையை உடைத்து, இரண்டடிச் சதுரத்தில் ஓரடி ஆழத்துக்குக் கான்கிரீட் போட்டால், மண்ணில் இறங்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ கால் கிலோவாகக் குறைந்துவிடும். ஆங்கர் போல்ட்டும் அந்தக் கான்கிரீட்டில்தான் உறுதியாகப் பிடிக்கும். நாள்பட்ட சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் நான்கு ஆணி அடித்துக் கட்டுவதைப் பாதுகாப்பு என்று எண்ணுவது தவறு. மாடியறையைப் பற்றிய யோசனையே வேண்டாம்: குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 வகுத்திருக்கும் பாரம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ, மேற்சொன்ன ஒரு கண்ணி மட்டுமே அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் அழுத்தும்.

இவ்வளவுக்கும் பிறகு, எல்லாப் பட்டறைக்கும் இது வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே நேர்மையான விடை. முடிந்த பூட்டுகளும், சாவிக்கான வெட்டுத் துண்டுகளும், ரிவெட்டுகளும் தட்டுகளில் அடங்குபவை. அவற்றுக்குத் துளை ஆங்கிள் ரேக்கே போதும், இடமும் குறைவு. தகடு, கம்பி, அச்சு ஆகிய மூன்றுக்கும்தான் பாலட் ரேக் உண்மையாகவே உதவும். அதிலும் ஒரே கண்ணி, இரண்டே அடுக்கு, கை எட்டும் உயரம் என்று நிறுத்திக்கொள்வது நல்லது. ஃபோர்க்லிஃப்ட் இல்லாத வீட்டில் மூன்றாம் அடுக்குக்கு 23 கிலோ தகட்டை ஏணியில் நின்று ஏற்றுவதில் எந்த மிச்சமும் இல்லை. பீம்களுக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால், அவற்றின்மேல் குறுக்குப் பட்டைகள் வைத்து 18 மி.மீ. பிளைவுட்டையோ கம்பி வலையையோ பரப்பாமல் சில்லறைச் சாமான்களை வைக்கவும் கூடாது.

வேடசந்தூர் வட்டாரம் போல நூற்பாலைகள் நிறைந்த பகுதிகளில், பயன்பாடு முடிந்த ரேக்குகள் பழைய இரும்பு வியாபாரிகளிடம் வருவதுண்டு. அங்கே வாங்குவோர் பெயிண்டைப் பார்க்காமல், பீம் முனையின் வெல்டிங்கில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா, தூணும் பீமும் ஒரே தயாரிப்பா என்று பார்க்க வேண்டும். துளையின் வடிவும் இடைவெளியும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால், பொருந்துவதுபோல் தோன்றும் கொக்கி பாதிதான் உட்கார்ந்திருக்கும். 1 மீட்டர் நேர்க்கோலைத் தூணின் மேல் வைத்துப் பார்க்கையில், பீம் ஓடும் திசையில் 5 மி.மீ.க்கு மேலோ, முன்பின் திசையில் 3 மி.மீ.க்கு மேலோ வளைவு தெரிந்தால் அந்தத் தூணைப் பயன்படுத்தக்கூடாது என்பது ஐரோப்பியத் தரநிலையின் வரம்பு. இரும்போடு பழகிய கை அந்த வளைவைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தத்தான் துடிக்கும். ஆனால் மடிப்பில் பலம் கொண்ட மெல்லிய தகடு ஒருமுறை நசுங்கியபின் கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் பழைய பாரத்தைத் தாங்காது என்பதால், அது எடைக்குப் போக வேண்டிய இரும்பே.