வரப்போரத் தங்கம் ஆவாரை

ஆவாரை பூத்த ஊரில் சாவு ஏதுன்னு கேட்கிற சொலவடை நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா, அந்த ஆவாரை இப்போ எத்தனை பேர் வரப்பில் நிற்கிறது? களைக்கொல்லி ஒரு பக்கம், வரப்பைச் சுரண்டும் பொக்லைன் ஒரு பக்கம். பூவைப் பொட்டலமாகக் காசு கொடுத்து வாங்கும் நிலைக்கு வந்துவிட்டோம்.

தண்ணீர் ஊற்றாமல், உரம் வைக்காமல் கரட்டு நிலத்திலும் செழிக்கிற செடி இது. கொங்குச் சீமையில் பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவையும் சேர்த்துத்தான் காப்புக் கட்டுவார்கள். தெலங்கானாவில் இதுதான் மாநிலப் பூ. பதுக்கம்மா பண்டிகையில் இதை அடுக்கி வைத்துக் கும்பிடுகிறார்கள். இலங்கையில் 'ரணவரா' என்ற பெயரில் இதைத் தேநீராகக் குடிக்கிறார்கள். தோல் பதனிட ஆவாரம்பட்டையைத்தான் ஒரு காலத்தில் தென்னாட்டுத் தொழிற்கூடங்கள் நம்பியிருந்தன.

என்ன பயன்?

உடல் சூடு, நாவறட்சி, தோல் அரிப்புக்கு ஆவாரம்பூ கைகண்ட வீட்டு மருந்து. உலர்த்திய பூவைப் பச்சைப்பயறோடு அரைத்துத் தேய்த்துக் குளிக்கலாம். பூவைப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம். உச்சி வெயிலில் வேலை செய்யும்போது தலைத்துண்டுக்குள் ஆவாரை இலையை வைத்துக் கட்டுவது நம்ம முன்னோர் கண்ட வழி.

தேநீருக்கு, ஒரு கைப்பிடி பூவை 2 டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராக வற்றவிட்டு வடிகட்டினால் போதும். சர்க்கரை நோய்க்காகக் குடிப்பவர்கள் அதில் கருப்பட்டியைத் தட்டிப்போட்டால் குடித்ததற்கே அர்த்தம் இல்லை.

சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்குத் தரும் 'ஆவாரைக் குடிநீர்' தனிப் பூ இல்லை. ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை என 7 சரக்கு சேர்ந்தது. அதைச் சித்த மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

இதைக் கவனிங்க

ஆவாரம்பூ குடிக்கிறோம் என்று மாத்திரையையோ இன்சுலினையோ தானாக நிறுத்தக் கூடாது. இரண்டும் சேர்ந்து சர்க்கரை அளவு தாழ்ந்து போகவும் வாய்ப்புண்டு. மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அடிக்கடி அளவு பார்த்துக்கொண்டு குடிங்க. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

பெயர் குழப்பமும் உண்டு. நிலாவரை வேறு செடி; அதன் இலை பேதியாகும். பேயாவரையும் மஞ்சளாகத்தான் பூக்கும்; அதன் இலை கூர்மையாக இருக்கும், கசக்கினால் நாறும், விதை நஞ்சு. ஆவாரையின் இலைக்காம்பு அடியில் காது மடல் போல ஒரு சிற்றிதழ் ஒட்டியிருக்கும். காய் தட்டையாக, காய்ந்தால் காகிதம் போல இருக்கும். இந்த அடையாளம் போதும்.

சாலையோரப் பூவைப் பறிக்காதீங்க. வண்டிப் புகையும் தூசியும் படிந்திருக்கும். களைக்கொல்லி அடித்த வரப்பும் அப்படித்தான்.

நம்ம வரப்பிலேயே வளர்ப்போம்

விதையின் தோல் கெட்டி. அப்படியே போட்டால் லேசில் முளைக்காது. கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு, ஆறவிட்டு, இரவு முழுக்க ஊறிய பிறகு விதைக்கணும். மழைக்கு முன்னால் புரட்டாசியில் வரப்போரம் 3 அடிக்கு ஒரு குழியில் இரண்டு விதை போடலாம். நன்றாக வேர் பிடித்துவிட்டால் பிறகு கவனிப்பே வேண்டாம். வெட்டினாலும் தழைக்கும், வெட்டிய தழை வயலுக்கு உரம்.

இந்தப் பூவில் தேன் கிடையாது. ஆனாலும் மகரந்தத்துக்காகக் கருவண்டும் தேனீயும் தேடி வரும். பக்கத்தில் கத்தரி, தக்காளி இருந்தால் அவற்றுக்கும் நல்லது.

வெயில் ஏறுவதற்குள் பூவைப் பறித்து நிழலில் உலர்த்தினால் நிறம் மாறாது. செடியை மொட்டையடிக்காமல் மூன்றில் ஒரு பங்கையாவது விதைக்கு விடுங்க. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு கைப்பிடி ஆவாரை விதை கொண்டு வந்தால், இல்லாத ஊர்க்காரர்கள் எடுத்துப் போகலாம்.