சட்டைப்பை மின்விளக்கின் ஆயுள்

சட்டைப்பையில் அடங்கும் மின்விளக்கு இக்காலத்தில் செல்வர்க்கும் எளியோர்க்கும் பொதுப் பொருளாயிற்று. அதன் உறையின்மேல் 50,000 மணி நேரம் உழைக்கும் என்று அச்சிட்டிருத்தலைப் பலகாலும் காண்கிறோம். நாள்தோறும் ஒரு மணி நேரம் ஏற்றினும் 136 ஆண்டுகள் கழிந்தாலன்றி அக்கணக்கு நிறைவுறாது. ஆயினும், வாங்கிய விளக்கு ஈராண்டு செல்லுமுன்னரே பயனற்றுப் போதலும் கண்கூடு. இம்முரண்பாட்டிற்குக் காரணம் யாது? அதனை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

கைமின்விளக்கிற்குரிய காப்புரிமை, டேவிட் மிஸெல் என்பாருக்கு அமெரிக்க நாட்டில் 1899-ஆம் ஆண்டில் வழங்கப்பெற்றது. அக்காலத்துப் பாட்டரிகள் நெடுநேரம் மின்சாரம் தரவல்லன அல்ல. ஆதலின் அவ்விளக்கு சிறிது நேரம் மின்னி ஓய்வதாயிற்று. பின்னர் வந்த டங்ஸ்டன் இழை பல்பு நன்கு ஒளிர்ந்ததேனும், அவ்விழை மிக நுண்ணியது. வெண்சூடேறியே ஒளி தருவது. அச்சூட்டில் உலோகம் சிறிது சிறிதாக ஆவியாகி, இழை தேய்ந்து, ஒருநாள் அறுந்துவிடும். எரியும்பொழுது கை தவறி விழுமாயின் அன்றே அறுதலும் உண்டு.

எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் டையோடிலோ இழையென்பதே இல்லை. குறைகடத்திப் படிகமொன்றினூடே மின்னோட்டம் பாயுங்கால், எலெக்ட்ரான்கள் தம் ஆற்றலின் ஒரு பகுதியை ஒளியாக வெளிவிடுகின்றன. சிவந்த ஒளி தரும் டையோடை 1962-இல் நிக் ஹோலோன்யாக் ஆக்கினார். திறன்மிக்க நீல ஒளி டையோடைக் கண்டமைக்காக அகஸாகி, அமானோ, நாகமுரா என்னும் மூவரும் 2014-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பூச்சொன்றை அதன்மேல் இடுதலால் வெண்மை பிறக்கின்றது.

இத்தகைய டையோடு பெரும்பாலும் திடீரென அணைவதன்று, மெல்ல மங்குவது. ஒளி, தொடக்கத்தில் இருந்ததில் நூற்றுக்கு 70 பங்காகக் குறையுங்காலத்தையே அதன் ஆயுளெனக் கணக்கிடுவது வழக்கம். அக்கணக்கும் வெப்பம் மிகாதவிடத்தே பொருந்தும். படிகத்தில் எழும் வெப்பத்தை வெளியே கடத்துதற்கு அலுமினிய உடல் நன்கு உதவும். பிளாஸ்டிக் உடல் அத்துணை உதவாது.

நிற்க. டையோடு நெடிது வாழினும் விளக்கு விரைவில் மாய்வது எங்ஙனமெனின், அதன் துணையுறுப்புக்களால் என்க. அவற்றுள் முதற்பகை பாட்டரியே. காரப் பாட்டரியில் துத்தநாகம் வினைப்பட்டு ஹைட்ரஜன் வாயு உண்டாதல் உண்டு. அழுத்தம் மிக, அடைப்பு நெகிழ்ந்து பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு என்னும் காரநீர் கசியும். அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடி வெண்பூப்பாகப் படியும். கம்பிச்சுருளையும் அலுமினிய உடலையும் அரித்துவிடும். பழைய பாட்டரியையும் புதியதையும் கலந்திடின் இத்தீங்கு விரையும். அடுத்த பகை ஸ்விட்ச்; பன்முறை அழுத்துதலால் அதன் வில் தளரும், மின்தொடும் இடங்களில் அழுக்கும் துருவும் சேரும். மூன்றாவது, நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம். அது உலர்ந்து வெடிப்பின் ஈரம் உட்புகும்.

இவற்றை அளந்தறிதற்கு 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எஃப்.எல்.1 என்னும் நியமம் வகுக்கப்பட்டது. வீழ்ச்சியைத் தாங்குமெனப் பெறுதற்கு விளக்கைக் குறைந்தது ஒரு மீட்டர் உயரத்தினின்று கான்கிரீட் தளத்தில் வீழ்த்திச் சோதித்தல் வேண்டும். ஐ.பி.எக்ஸ்.7 என்னும் குறி, ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தும் கெடாமையைக் குறிக்கும். எரியும் நேரமோ, ஒளி நூற்றுக்கு 10 பங்காகக் குறையும் வரை எண்ணப்படுவது. ஆகலின் பத்து மணி நேரம் என்பது பத்து மணி நேர முழு வெளிச்சமன்று. வாங்குவோர் இதனை மறவாதிருத்தல் நலம்.

நாடோறும் கையாளும் விளக்கினும், ஆபத்துக்கென்று பெட்டியில் வைத்து மறந்த விளக்கே விரைந்து கெடுகின்றது. புயலிரவில் மின்சாரம் அற்றபோதும், பாம்பு நடமாடும் வழியில் நோயாளியை எடுத்துச் செல்லும்போதும் நாம் நாடுவது அதனையன்றோ? ஆதலின் மாணவ நண்பர்காள், நெடுநாள் வைக்கும் விளக்கினின்று பாட்டரியை எடுத்துவிட்டு, அருகே தனியே வையுங்கள். திங்களுக்கொருமுறை இட்டு ஏற்றிப் பாருங்கள். மரையையும் தொடுமிடங்களையும் உலர்ந்த துணியால் துடைத்து, வளையத்திற்குச் சிறிது சிலிகோன் பசையிடுங்கள். வெண்பூப்புத் தோன்றின் வினிகர் தோய்த்த பஞ்சால் நீக்கி உலர்த்துங்கள். பல உறுப்புக்கள் கூடிய ஒரு பொருளின் வலிமை, அவற்றுள் மெலிந்த உறுப்பின் அளவினதே. அவ்வுறுப்பை அறிந்து பேணுவோன் கையில் சிறு விளக்கும் நெடுங்காலம் ஒளிரும்.