தங்கனீக்கா ஏரியின் சேறு சொன்ன சாட்சி

கிழக்கு ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா ஏரியில் மீன் பிடிப்போர் பிறை பார்த்தே தொழில் செய்கின்றனர். இருள் சூழ்ந்த இரவுகளில் படகில் விளக்கேற்றிச் செல்வர். ஒளியை நாடிச் சிறு மீன்கள் கூட்டங்கூட்டமாக மேலே வரும். அடியில் விரித்த வலையை அப்படியே தூக்கி அள்ளிக்கொள்வர். நிலவு முழுமை பெறும் நாள்களில் விளக்கொளிக்கு மதிப்பில்லை. ஆகவே ஏறத்தாழ ஒரு வாரம் படகுகள் கரையிலேயே கிடக்கும். நாம் 'அய்யாமுல் பீள்' என்று போற்றி நோன்பு நோற்கும் 13, 14, 15 ஆகிய நாள்கள் அவர்களது ஓய்வு நாள்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

அந்த மீன் நமக்கு அந்நியமானதன்று. தான்சானியாவில் அதனை 'டகா' என்பர். பார்வைக்கு நம் நெத்திலிக்கு உறவு என்று சொல்லலாம். கரையில் பெண்கள் அதனை வெயிலில் உலர்த்திக் கருவாடாக்குவர்; மூட்டை மூட்டையாக உள்நாட்டுச் சந்தைகளுக்குப் போகும். பொதுவாக மீனுக்கு அவர்கள் வழங்கும் 'சமக்கி' என்னும் சுவாஹிலிச் சொல்லும் 'ஸமக்' என்னும் அரபுச் சொல்லின் வழி வந்ததே. ஏரிக்கரை ஊரான உஜிஜி, 19ஆம் நூற்றாண்டில் அரபு, சுவாஹிலி வணிகர்களின் தளமாக விளங்கியது. (அவ்வணிகத்தில் அடிமை வாணிபமும் இருந்தது என்பதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.) 1871இல் லிவிங்ஸ்டனை ஸ்டான்லி கண்டுபிடித்ததும் இவ்வூரில்தான்.

தான்சானியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு, புருண்டி, ஜாம்பியா ஆகிய நான்கு நாடுகள் இந்த ஏரியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஏரிப்படுகையில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். சுற்றியுள்ள நாட்டினர் உண்ணும் விலங்குப் புரதத்தில் 25 முதல் 40 விழுக்காடு வரை இந்த ஏரியின் மீனே தருகிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு குறித்தது. ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் ஏழையின் சட்டிக்கு எட்டாத நாட்டில் இது எத்துணை பெரிய பங்கு என்பதை இல்லத்தரசிகள் உணர்வார்கள்.

இந்த மீன்தான் இப்போது குறைந்து வருகிறது. குறைவுக்குக் காரணம் யார் என்ற வழக்கில், முதலில் கூண்டில் ஏற்றப்பட்டவர் மீனவர். 'வலைகள் பெருகிவிட்டன, குஞ்சு மீனையும் விடுவதில்லை' என்பது குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. கரைவலைகளும், கொசுவலைத் துணியில் தைத்த வலைகளும் குஞ்சுகளை வாரிக்கொண்டு போகின்றன. ஆயினும் வாதிப்பவரே சான்று கொண்டுவர வேண்டும் என்பது நம் மார்க்கச் சட்டத்தின் அடிப்படை அல்லவா? இந்த வழக்கில் சான்று கொண்டுவந்தவர்கள் ஏரியியல் அறிஞர்கள். அவர்கள் சாட்சிக்கு அழைத்தவை நத்தைகளும், கடுகளவு ஓட்டுயிர்களும், ஏரியடிச் சேறுமாகும்.

சாட்சியத்தைக் கேட்குமுன் ஏரியின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். தங்கனீக்கா சுமார் 670 கிலோமீட்டர் நீளமும் 1,470 மீட்டர் ஆழமும் கொண்டது. உலக ஏரிகளுள் ஆழத்தில் பைகாலுக்கு அடுத்தது இதுவே. ஆனால் இவ்வளவு ஆழத்திலும் மீன் வாழ்வதில்லை. மேலே உள்ள 100 முதல் 200 மீட்டர் வரையிலான நீரில் மட்டுமே உயிர்வளி உண்டு. அதற்குக் கீழே இருப்பது மூச்சுவிட முடியாத இருண்ட நீர். மேலே வெதுவெதுப்பான நீர். கீழே குளிர்ந்து கனத்த நீர். இரண்டும் எளிதில் கலப்பதில்லை.

ஏரியின் உரமோ கீழ்நீரில்தான் தங்கியிருக்கிறது. இறந்தவையெல்லாம் அடியில் சென்று மக்குவதால் சத்து அங்கே சேர்ந்துவிடுகிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று மேல்நீரை வடக்கு நோக்கித் தள்ளும். அப்போது தென்முனையில் கீழ்நீர் மேலெழுந்து சத்தைக் கொண்டுவரும். அதை உண்டு நுண்பாசி தழைக்கும். பாசியை நுண்ணுயிர்கள் உண்ணும். நுண்ணுயிர்களை டகா உண்ணும். டகாவை 'மிகெபுகா' என்னும் பெரிய மீன் உண்ணும். இரண்டையும் மனிதன் உண்பான். இந்தச் சங்கிலி முழுவதையும் படைத்தவன் ஒரு காற்றின் மீது நிறுத்திவைத்திருக்கிறான் என்பதை எண்ணும்போது நெஞ்சம் சிலிர்க்கிறது.

மேல்நீர் மேன்மேலும் சூடேறினால் என்ன ஆகும்? இரண்டு நீருக்கும் இடையிலான பிணக்கு வலுக்கும். காற்று எவ்வளவு வீசினாலும் கலப்பு குறையும். சத்து கீழேயே தங்கிவிடும். 2003இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வு இதையே சொல்லிற்று. ஏரியின் பாசி உற்பத்தி சுமார் 20 விழுக்காடு குறைந்திருக்கலாம் என்றும், அதனால் மீன்வளம் 30 விழுக்காடு அளவுக்குக் குறையக்கூடும் என்றும் அது கணித்தது. எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. பிடிபடும் மீனின் அளவு மாறியதற்குப் பெரிதும் மீன்பிடி முறைகளே காரணம், தட்பவெப்பம் அன்று என 2006இல் பின்லாந்து ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் வாதிட்டனர். மீனவர் மீதான வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது.

இங்கேதான் சேறு பேசிற்று. நீண்ட குழாயை ஏரியடியில் செலுத்தி, சேற்றைத் தூண் போல உருவி எடுப்பர். அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. ஒவ்வோர் அடுக்கிலும் மீனின் செதில், பல், எலும்புத் துணுக்கு, நத்தை ஓடு ஆகியவற்றை எண்ணினால் அந்தக் காலத்தில் அவை எவ்வளவு இருந்தன என்பது தெரியும். அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ கோஹனும் அவர்தம் தோழர்களும் இவ்வாறு சுமார் 1,500 ஆண்டுக் கணக்கை எடுத்து 2016இல் வெளியிட்டனர். வணிக மீன்பிடிப்பு 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் தொடங்கியது. ஆனால் மீனும் நத்தையும் குறையத் தொடங்கியதோ அதற்கு வெகு முன்பே! ஏறத்தாழ 150 ஆண்டுகளாக ஏரி சூடேறி வந்திருக்கிறது. அவர்கள் ஆராய்ந்த பகுதிகளில், உயிர்வளி எட்டும் ஏரித்தரை 38 விழுக்காடு சுருங்கிவிட்டது.

மீனவர் முற்றாக விடுதலை ஆகிவிட்டார் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. குறைந்த செல்வத்தை அதிகம் பேர் அள்ளினால் அது விரைவில் தீரும். ஆனால் அவர் மட்டுமே குற்றவாளி என்ற தீர்ப்பு நிற்காது. உலகைச் சூடாக்கிய புகையில் டகா பிடிக்கும் ஏழையின் பங்கு எவ்வளவு என்று நான் கேட்காமல் இருக்க இயலவில்லை.

சாட்சிகளில் நத்தையைச் சேர்த்தது ஏன் என்று வாசகர் வினவலாம். தங்கனீக்காவின் கரைகளில் பெரும்பகுதி பாறை நிறைந்தது. அந்தப் பாறைகளிலும் அடுத்துள்ள மணலிலும் வாழும் நத்தைகள் கடல் நத்தைகளை ஒத்திருக்கும். இந்த ஏரி ஒரு காலத்தில் கடலோடு இணைந்திருந்தது என்றே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிலர் கருதினர். அது பிழை என்பது பின்னர் தெளிவாயிற்று. 'நியோதௌமா' என்னும் நத்தை இறந்தபின் அதன் ஓடுகள் ஏரியடியில் விரிப்புப் போலப் பரந்து கிடக்கின்றன. பல ஓடுகள் நூற்றாண்டுகள் பழையவை. ஒரு வகை மீனில் ஆண், தன் உடலில் பன்னிரண்டில் ஒரு பங்கு எடைகூட இல்லாத பெண்ணுக்காக இந்த ஓடுகளை வாயால் கவ்விவந்து குவிக்கும். பெண் ஓட்டுக்குள் புகுந்து முட்டையிட்டுக் குஞ்சுகளைக் காக்கும். மஹரும் மனையும் ஒருசேரக் கொடுப்பது போலத்தான்! ஏரியில் வாழும் 'சிக்லிட்' இன மீன்கள் 200க்கும் மேற்பட்டவை. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை.

இந்தக் கரைவாழ் உயிர்களைக் கொல்வது வெப்பம் மட்டுமன்று, மண். வடபகுதியில் மலைச்சரிவுகளின் காடுகளை வெட்டி மரவள்ளியும் பீன்ஸும் பயிரிட்டனர். பசித்த குடும்பத்தைக் குறை கூறுவதற்கில்லை. மழை பெய்யும்தோறும் வெறுமையான சரிவின் மண் ஏரிக்கு வந்தது, பாறை இடுக்குகளை அடைத்தது, பாசியை மூடியது. கோஹனும் அவர்தம் குழுவினரும் மண் படிந்த கரைகளையும் படியாத கரைகளையும் ஒப்பிட்டு 1993இல் எழுதினர். மண் மிகுந்த இடங்களில் ஆஸ்ட்ரகாட் என்னும் கடுகளவு ஓட்டுயிர்களின் வகைகள் வெகுவாகக் குறைந்திருந்தன. மீன் வகைகளும் குறைந்திருந்தன. கரையோர நீரே பல மீன்களுக்குத் தொட்டில் என்பதால், அந்த இழப்பு நத்தையோடு நிற்பதில்லை.

இதைப் படித்தபோது, மதரஸாவில் தரிசு நிலத்தை உயிர்ப்பித்தல் பற்றிய பாடத்தில் வரும் 'ஹரீம்' என்னும் சொல் என் நினைவுக்கு வந்தது. கிணறு தோண்டியவருக்குக் கிணறு மட்டுமல்ல, அதனைச் சுற்றியுள்ள காப்பு நிலமும் உரியது. பிறர் அதில் தோண்டலாகாது. ஹனஃபி நூல்கள் கிணற்றுக்கு 40 முழம், ஊற்றுக்கு 500 முழம் என்று அளவே குறிக்கின்றன. ஷாஃபிஈ அறிஞர்கள் தேவையையும் வழக்கத்தையும் பார்த்து அளவை முடிவு செய்வர். ஆற்றின் ஹரீமில் கட்டடம் எழுப்புவதையும் அவர்கள் தடுத்துள்ளனர். தண்ணீருக்கு உடம்பைச் சுற்றி ஒரு மேலாடை உண்டு என்பதைச் சட்டம் படித்த நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஏரிக்கு அந்த மேலாடை கரையோரக் காடுதான். கரையை ஒட்டிக் குடியிருப்பு எழுப்புவதன் துயரத்தை இதே ஏரி காட்டியிருக்கிறது. நீர்மட்டம் உயர்ந்து, 2020இலும் 2024இலும் புருண்டியின் கதும்பா பகுதியில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது, ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர்.

2024ஆம் ஆண்டு மே 15 முதல் ஆகஸ்டு 15 வரை, மீன் இனம் பெருகுவதற்காகத் தான்சானியா தன் பகுதி ஏரியில் மீன்பிடிப்பை நிறுத்தியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த மூன்று மாதம் மீனவர் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்பதையும் அரசுகள் சேர்த்தே கணக்கிட வேண்டும். வலையை மட்டும் நிறுத்திவிட்டு மலைச்சரிவை மறந்தால் பாதி வேலைதான் முடியும்.

மலைச்சரிவிலும் வேலை நடக்கிறது. கரையை ஒட்டிய கோம்பே காட்டில் 1960 முதல் சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடால் அம்மையார் (இவர் 2025 அக்டோபரில் காலமானார்), 1990களின் தொடக்கத்தில் விமானத்திலிருந்து பார்த்தபோது அந்தச் சிறு காட்டைச் சுற்றி மொட்டைக் குன்றுகளே தெரிந்தன. 1994இல் அவரது நிறுவனம் 'டகாரே' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்தாரிடம் முதலில் அவர்கள் தேவை என்னவென்று கேட்டது. நாற்றங்கால், குடிநீர், பெண்களுக்குச் சிறுகடன் என்று அவர்கள் கேட்டவற்றைச் செய்தது. பின்னர் கிராமங்களே செயற்கைக்கோள் வரைபடத்தை விரித்துவைத்து, எந்தச் சரிவில் கோடரி படக் கூடாது என்று எல்லை குறித்துக்கொண்டன. வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளில் உயிர் இருந்தது. கோடரி ஓய்ந்த சரிவுகளில் அவை நடாமலேயே துளிர்த்து எழுந்தன.