சந்தைக்குச் செல்லும் உழவரும் முகக்கவச விதிகளும்



வயலில் தொடங்கும் நம் வேலை சந்தையில்தான் முடிகிறது. 2020ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் சென்னை கோயம்பேடு மொத்த அங்காடி மூடப்பட்டபோது காய்கறி பயிரிட்டிருந்த ஒவ்வொருவரும் இதை உணர்ந்திருப்பீர்கள். கொரோனா நோய் அந்த அங்காடியில் பரவி, அங்கு மூட்டை தூக்கிவிட்டு ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களுக்கும் சென்றது. அங்காடி மூடப்பட்ட சில நாட்களில் திருமழிசையில் திறந்தவெளியில் தற்காலிகச் சந்தை போடப்பட்டது. காற்றோட்டத்திற்குக் குறைவில்லை, ஆனால் மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் கீரை வாடும். கோயம்பேட்டில் காய்கறி மொத்த விற்பனை மறுபடியும் தொடங்கியது செப்டம்பர் 28ஆம் நாள். ஏறத்தாழ 5 மாதங்கள்! இரண்டு கத்தரிப் பறிப்புகளுக்கு இடையே ஒரு வாரம் தாமதித்தாலே காய் முற்றிவிடும் என்பதை அறிந்த நமக்கு 5 மாதம் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் வந்த விதிகளுள் மிகுந்த வாக்குவாதத்திற்கு உள்ளானது முகக்கவச விதி. இன்று பொது இடங்களில் அத்தகைய கட்டாயம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் நாள் கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. ஆனால் மூச்சுக்காற்று வழியே பரவும் நோய் இன்னொன்று வரும்போது இதே விதி மறுபடியும் வரக்கூடும். அப்போது எதை, எங்கே, எதற்காக அணிகிறோம் என்று தெரிந்திருந்தால் சந்தையும் நிற்காது, அபராதமும் கட்ட வேண்டியிராது. ஆகவே அதன் விவரங்களை இங்கு காண்போம்.

விதி எங்கிருந்து வந்தது?

2020 ஏப்ரல் 15ஆம் நாள் மத்திய உள்துறை அமைச்சகம், 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் வெளியிட்ட வழிகாட்டுதலில், பொது இடங்களிலும் வேலை செய்யும் இடங்களிலும் முகத்தை மூடுதல் கட்டாயம் என்று கூறியது. கடையில் வாங்கிய கவசம்தான் வேண்டும் என்று அது சொல்லவில்லை. தோளில் கிடக்கும் துண்டை மூக்கையும் வாயையும் மறைத்துக் கட்டினாலும் விதிக்கு உட்பட்டதே.

தமிழ்நாட்டில் அபராதம் வசூலிக்க வழி செய்தது வேறொரு சட்டம். பழைய சென்னை மாகாணத்தில் 1939ஆம் ஆண்டிலேயே பொது சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டம் 2020ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, செப்டம்பர் மாதம் முதல் அந்த இடத்திலேயே அபராதம் வசூலிக்கும் முறை வந்தது. முகக்கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய். பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500 ரூபாய். விதியை மீறும் கடைகளுக்கு 5,000 ரூபாய். 2022 ஜனவரியில் முகக்கவச அபராதம் 500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கவசம் மூக்குக்குக் கீழே இறங்கியிருந்தாலும் அணியாதது போலவே கருதப்பட்டது. இந்தக் கட்டுரை எழுதுபவனும் ஒரு பேருந்து நிலையத்தில் இவ்வகையில் 200 ரூபாய் இழந்தவன்தான். டீ குடித்துவிட்டுக் கவசத்தை மேலே ஏற்ற மறந்ததே காரணம். அபராதம் செலுத்த நேர்ந்தால் ரசீது கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

"முதலில் வேண்டாம் என்றார்கள், பிறகு கட்டாயம் என்றார்கள், எதை நம்புவது?" என்று பலர் கேட்டனர். நியாயமான கேள்வி. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நோயற்ற பொதுமக்களுக்குக் கவசம் தேவையில்லை என்றே சொல்லப்பட்டது. மருத்துவமனைகளுக்கே கவசம் போதாதிருந்தது ஒரு காரணம். காய்ச்சலோ இருமலோ தோன்றுவதற்கு முன்பே ஒருவர் நோயைப் பரப்ப முடியும் என்பது அப்போது தெளிவாகாதது மற்றொரு காரணம். இது தெளிவானபின், ஜூன் 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனமும் தன் பரிந்துரையை மாற்றி, நோய் பரவும் ஊர்களில் கூட்டமான இடங்களில் துணிக் கவசம் அணியலாம் என்றது. நெல்லில் புகையான் தாக்கினால், பயிர் தீய்ந்து வட்டம் வட்டமாகத் தெரிவதற்கு வெகு முன்பே தூர்ப்பகுதியில் பூச்சி பெருகிவிடுகிறது அல்லவா? மேலே பச்சையாக இருக்கிறதே என்று விட்டுவிடுவோமா? நோயுற்றவர் மட்டும் அணிந்தால் போதாது, எல்லோரும் அணிய வேண்டும் என்ற விதியும் இக்காரணத்தால்தான் வந்தது.

தெளிப்பானைக் கொண்டு புரிந்துகொள்வோம்

வைரஸ் கிருமி மிக நுண்ணியது, துணியின் கண் அதைவிடப் பெரியது, பிறகு எப்படித் தடுக்கும் என்று கேட்பதுண்டு. கிருமி தனியே பறந்து வருவதில்லை. இருமும்போதும் பேசும்போதும் வெளிவரும் எச்சில் துளிகளுக்குள் இருந்தே வருகிறது. அந்தத் துளிகள் நமக்கு நன்கு பழக்கமானவை போன்றவையே. கைத்தெளிப்பானில் நாசிலைப் பெருந்துளியாக வைத்தால் மருந்து அருகிலேயே விழுந்துவிடும். விசைத்தெளிப்பானில் பனி போல் அடித்தால் காற்றில் மிதந்து பக்கத்து வரப்பைத் தாண்டிப் போகும். மனிதன் வாயிலிருந்தும் இந்த இரண்டு வகைத் துளிகளும் வருகின்றன. பெரியவை ஓரிரு மீட்டருக்குள் தரையில் விழுகின்றன. நுண்ணியவை காற்றில் நெடுநேரம் மிதக்கின்றன. கதவு, சன்னல் அடைத்த அறையில் அவை சேர்ந்துகொண்டே போகும்.

இப்போது நாசிலின் முன்னால் ஒரு துணியைக் கட்டினால் என்ன ஆகும்? துளி புகையாகப் பரவுவதற்கு முன்பே பெரும்பகுதி துணியில் நனைந்து நின்றுவிடும். முகக்கவசம் முதலில் செய்வது இதுதான். அதாவது, அணிபவரிடமிருந்து பிறரைக் காப்பது. பிறர் விட்ட மூச்சிலிருந்து அணிபவரைக் காப்பதும் உண்டு. ஆனால் அதன் அளவு கவசத்தின் தரத்தையும், முகத்தோடு அது எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது என்பதையும் பொறுத்தது.

இதிலிருந்து ஒரு முக்கியமான செய்தி கிடைக்கிறது. அழுத்தம் கூடினால் துளி கூடும். மெல்லப் பேசுவதைக் காட்டிலும் உரக்கக் கத்தும்போது பல மடங்கு துளிகள் வெளிவருகின்றன. நம் மண்டிகளில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. விடியற்காலையில் வரும்போது எல்லோரும் ஒழுங்காகக் கவசம் அணிந்திருப்பார்கள். ஏலம் தொடங்கியதும், விலை கூவுவதற்காக ஏலக்காரர் கவசத்தைத் தாடைக்கு இறக்குவார், கேட்பவரும் இறக்குவார். எந்த நேரத்தில் அது மிகவும் தேவையோ அந்த நேரத்தில் அது தாடையில் கிடந்தது! விலையைப் பலகையில் எழுதிக் காட்டுவதும், சிறிய ஒலிபெருக்கி வைத்துக்கொள்வதும் இதற்கு எளிய மாற்று.

இதேபோல், வயலில் தனியாகக் களை எடுப்பவருக்குக் கவசம் தேவையே இல்லை. வெயிலில் மூச்சு முட்டுவதுதான் மிச்சம். திறந்த வயலில் இடைவெளி விட்டு நடவு செய்பவர்களுக்கும் ஆபத்து குறைவே. ஆனால் அந்த நடவு ஆட்களே ஒரு வேனில் நெருக்கியடித்துக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பயணம் செய்தால் அங்கே கவசம் அவசியம் வேண்டும். விதிப்புத்தகம் பொது இடம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. நோய் அப்படிப் பார்ப்பதில்லை. காற்று தேங்கும் இடமா, ஓடும் இடமா என்றுதான் பார்க்கிறது.

ஒருவர் மட்டும் அணிந்தால்?

உங்கள் வயலில் மட்டும் எலி வளைகளை வெட்டிப் பொறி வைத்தால் பக்கத்து வயல் எலி வந்து குடியேறும். ஊர் கூடிச் செய்தால்தான் எலி ஒழிப்பு பலன் தரும். முகக்கவசமும் ஏறக்குறைய அவ்வாறே.

இதைக் கிராமங்களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை வங்காளதேசத்தில் 600 கிராமங்களில், 3 லட்சத்து 40 ஆயிரத்திற்கும் மேற்பட்ட பெரியவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில் கவசத்தை இலவசமாக வழங்கி, சந்தையிலும் மசூதியிலும் ஆட்கள் நின்று நினைவூட்டினர். மற்றக் கிராமங்கள் ஒப்பீட்டிற்காக விடப்பட்டன; நம் வயல்வெளி ஆய்வுகளில் கட்டுப்பாட்டுப் பாத்தி விடுவது போல. ஒப்பீட்டுக் கிராமங்களில் சரியாக அணிந்தோர் 100க்கு 13 பேர். நினைவூட்டிய கிராமங்களில் 42 பேர். நோய் அறிகுறியுடன் கொரோனா கண்டவர்கள் அங்கு சுமார் 100க்கு 9 பங்கு குறைந்தனர். மருத்துவக் கவசம் வழங்கிய கிராமங்களில், 60 வயதைக் கடந்தோரிடையே 35 பங்கு குறைந்தது. துணிக் கவசம் வழங்கிய கிராமங்களில் பலன் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

பாதிப் பேர்கூட அணியாதபோதே முதியவர்களுக்கு இவ்வளவு பலன் என்பது கவனிக்கத்தக்கது. மற்றொன்றும் அதில் உண்டு. செல்போனில் செய்தி அனுப்பியதாலோ, ஊருக்குப் பரிசு அறிவித்ததாலோ கூடுதல் பலன் ஏற்படவில்லை. எதிரே நின்று, "ஐயா, மூக்கை மூடிக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் சொன்னதே வேலை செய்தது. நம் ஊர்களில் கிராம சுகாதார நர்ஸும் சுய உதவிக் குழுப் பெண்களும் செய்த வேலையும் இதுவே. அபராதப் புத்தகத்தைவிட அவர்கள் சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்பது எம் கருத்து.

எந்தக் கவசம், எப்படி?

துணியாக இருந்தால் நெருக்கமான நெசவுள்ள பருத்தித் துணியில் 3 மடிப்பு வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண் கண்ணாகத் தெரிந்தால் அது போதாது. கட்டிக்கொண்டு ஊதினால் எரியும் தீக்குச்சி சுலபமாக அணைந்துவிடுமானால் அதுவும் போதாது. தேங்காய்ப்பூத் துண்டை ஒற்றையாகச் சுற்றுவதில் பயன் குறைவு. பழைய வேட்டித் துணியை மடித்துத் தைப்பது மேல். நாள்தோறும் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். ஈரமான கவசத்தை மாற்றிவிட வேண்டும்.

மூன்றடுக்கு மருத்துவக் கவசம் ஒருமுறை பயன்படுத்துவதற்கே உரியது. என்-95 வகை, பிடிப்பதற்கு மிகவும் கடினமான நுண்துகள்களில்கூட 100க்கு 95 பங்கைப் பிடிக்க வல்லது. அதைத் துவைக்கக் கூடாது. துவைத்தால் அதன் இழைகளில் உள்ள மின்னூட்டம் போய்விடும். வால்வு வைத்த கவசம் நம் மூச்சை வடிகட்டாமல் வெளியே விடுவதால், பிறருக்குப் பாதுகாப்பு இல்லை. 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறையே இதை எச்சரித்தது. 5 வயதும் அதற்குக் குறைவும் ஆன குழந்தைகளுக்குக் கவசம் வேண்டியதில்லை.

மருந்து தெளிக்கும்போது

இறுதியாக, நம் உழவர்கள் பலர் செய்துவரும் ஒரு தவறு. கொரோனாவுக்கு வாங்கிய கவசத்தையே பூச்சிமருந்து தெளிக்கும்போதும் அணிகிறார்கள். துணிக் கவசமும் மருத்துவக் கவசமும் மருந்தின் ஆவியைத் தடுப்பதில்லை. என்-95கூட ஆவியைத் தடுக்காது. கதிரடிக்கும்போது எழும் தூசிக்கு அது நல்லது. தெளிக்கும் மருந்தில் நனைந்த துணியோ, மருந்தை மூக்கின் அருகிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் நஞ்சேறி இறந்தனர். தெளிப்பு வேலைக்கு ஆவி வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் தனியே கிடைக்கிறது. மேலும், மருந்து மூக்கைவிடத் தோல் வழியாகவே அதிகம் உள்ளே செல்கிறது. ஆதலால் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி ஆகியவையும் வேண்டும். காற்று வீசும் திசையிலேயே தெளிக்க வேண்டும். எதிர்க்காற்றில் தெளிக்கக் கூடாது.

தெளிப்புக்குக் கட்டிய துண்டைச் சந்தைக்கோ, வீட்டிற்குள்ளோ கொண்டு செல்லாதீர்கள். அதைப் பிற துணிகளோடு சேர்க்காமல் தனி வாளியில் துவைத்து, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் உலர்த்துங்கள்.